உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்

காவிரிக் கரையிலுள்ள தொட்டியம் பக்கம் வெயிலைப் பற்றிய பேச்சு கத்திரி பிறந்த பிறகுதான் எழும். மே மாதம் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மோர்ப்பந்தல் போடுவார்கள், மதியத்தில் கடைவீதி வெறிச்சோடும், குழந்தைகளை வெளியே விடமாட்டார்கள். ஆனி கழிந்து ஆடிக் காற்று வீசி, மேட்டூர் தண்ணீரும் வாய்க்காலில் ஏறிவிட்டால் வெயில் தணிந்துவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவோம். தோலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தவறு. தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, சூடாகவும் உறைக்காது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஒட்டி அதன் வலிமை ஏறும், இறங்கும். தொட்டியம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒன்று. முதலாவது கத்திரிக்கு முன்பே வந்து போய்விடுகிறது. இரண்டாவது ஆவணியில், காற்று சிலுசிலுவென்று அடிக்கும்போது வருகிறது. அப்போது யாரும் தலையில் துண்டு போடுவதில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையாக இருக்கிறது என்பது எளிய கணக்கு. சித்திரையில் இந்த ஊரில் அந்த நேரம் காலை ஒன்பதேகாலுக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்றேகால் வரை நீள்கிறது. மார்கழிக் குளிரில்கூட நண்பகல் நிழல் ஆளைவிடக் குட்டைதான்.

இந்தக் கதிரை அளக்க உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. 3 வந்தாலே தோலையும் கண்ணையும் காக்க வேண்டும். 8-க்கு மேல் கூடுதல் கவனம் வேண்டும். 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை என்று பொருள். மேகமில்லாத நண்பகலில் நம் வட்டாரம் ஆண்டின் பெரும்பகுதி 8-க்கு மேலேயே இருக்கும், பங்குனி சித்திரையில் 11-ஐத் தாண்டும். சூரியக் கதிர் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே உறுதிசெய்து, முதல் வகைக் காரணிகளில் சேர்த்துவிட்டது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்தால், தொட்டியத்து வாழைத் தோட்டங்களிலும் கோரை வயல்களிலும் தோல் புற்று மலிந்து கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்கவில்லை. இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் தோல் புற்றின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டுவதில்லை. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் நம்மைவிடக் குறைவான கதிரையே வாங்கும் மெல்போர்னையும் சிட்னியையும் கொண்ட ஆஸ்திரேலியாதான் தோல் புற்றில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது.

காரணம் நம் தோலின் நிறம். மேல்தோலின் உயிரணுக்களில் மெலனின் துகள்கள் உட்கருவின் மேல் குடை பிடித்தாற்போல் கவிந்திருக்கும். கதிர் மரபணுவைத் தொடுமுன் அதில் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். 1979-ல் அமெரிக்காவில் தோலை நேரடியாக அளந்து பார்த்தபோது, கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் காப்பு 13.4 என்றும் வெள்ளையரின் மேல்தோல் தரும் காப்பு 3.4 என்றும் தெரியவந்தது. நம் மாநிறமும் கருநிறமும் இவ்விரண்டுக்கும் இடையே வருபவை. ஆகவே, "கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்ற ஊர்ப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உயிரை வாங்குகிறது. வெயிலால் வரும் தோல் புற்று நமக்குக் குறைவு என்பதைக் கேட்டவர்கள், தோல் புற்றே நமக்கு வராது என்று எடுத்துக்கொண்டார்கள். வருகிறது, வேறு வழியாக வருகிறது, வேறு இடத்தில் வருகிறது. மேனாட்டுப் பிரசாரத்தை அப்படியே தமிழாக்கி, கடற்கரைக்குப் போகுமுன் சன்ஸ்கிரீன் பூசுங்கள், முதுகிலுள்ள மச்சத்தைக் கண்ணாடியில் பாருங்கள் என்று எழுதும் நம் பத்திரிகைகளும் அந்த வழியைக் காட்டுவதில்லை. தொட்டியத்தில் தோல் புற்றைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆறாத புண்ணும் உள்ளங்காலும்தான். வெயில் காப்பு அதற்கு அடுத்தது, அதுவும் வேறு காரணங்களுக்காக. இந்தக் கட்டுரையின் வாதம் இதுவே.

இந்தியத் தோல் புற்றின் வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகும். 1866-லேயே காஷ்மீரில் பணிசெய்த எல்ம்ஸ்லி என்ற மிஷன் மருத்துவர், குளிர்காலத்தில் ஃபெரன் அங்கிக்குள் கணப்புச் சட்டியை வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றை விவரித்தார். காங்ரி என்ற அந்தச் சட்டியின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. 1945-ல் மும்பை மருத்துவர் கானோல்கர், இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றைப் பதிவுசெய்தார். சேலை கட்டும் பெண்களிடம் அதே இடத்தில் அதே நோய் வருவதைப் பின்னால் வந்த மருத்துவர்கள் எழுதினார்கள். 2024-ல்கூட மகாராஷ்டிரத்தின் வார்தா, பீகாரின் மதுபனி மருத்துவர்கள், உள்பாவாடை நாடா பல பத்தாண்டுகள் உராய்ந்த இடுப்பில் புண் வந்து, அது ஒன்றரை இரண்டு ஆண்டுகள் ஆறாமல் கிடந்து புற்றாக மாறிய மூதாட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய தீக்காயத் தழும்பு திரும்பத் திரும்ப வெடித்துப் புண்ணாகி, முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாவது பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரால் இன்றும் அழைக்கப்படுகிறது. தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வருடக்கணக்கில் ஆறாத குழிப்புண்ணிலும் இதே கதை நடக்கும். சூடு, உராய்வு, ஆறாத புண்: நம் நாட்டில் தோல் புற்றுக்கு வழிவிடுபவை இவைதான். இடுப்பு முழுக்க மூடியிருக்கும்; அங்கே வெயில் படுவதே இல்லை.

உள்ளங்கால் இன்னும் கவலைக்குரியது. மெலனோமா என்பது தோல் புற்றுகளில் வேகமாகப் பரவுவது. வெள்ளையருக்கு அது முதுகிலும் காலின் ஆடுசதையிலும் வரும். கருநிறத்தவருக்கு வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ வரும், அதாவது மெலனின் குறைந்த, வெயில் அதிகம் படாத இடத்தில். 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 183 மெலனோமாக் கட்டிகளின் மரபணு முழுவதையும் படித்துப் பார்த்தார்கள். வெயில் படும் தோலில் வந்த கட்டிகளில் புற ஊதாக் கதிரின் தழும்பு நிறைந்திருந்தது. கை கால்களின் அடியில் வந்தவற்றில் அது முதன்மையாக இல்லை. 2016-ல் ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழக மருத்துவர்கள், உள்ளங்காலில் உடல் எடை அதிகம் அழுந்தும் குதிகால், முன்பாதப் பகுதிகளில்தான் இக்கட்டிகள் கூடுதலாக வருகின்றன என்று காட்டினார்கள். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977-ல் இந்தப் புற்று தெரியவந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981-ல் அவர் இறந்தபோது வயது 36. அவ்வளவு புகழும் வசதியும் உள்ளவரின் காலிலேயே அடிபட்ட காயமாகத் தெரிந்த ஒன்று, கோரை வயலில் வெறுங்காலோடு நிற்பவரின் காலில் எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டும்.

கோரை அறுப்பைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். அகண்ட காவிரியின் வண்டல் கரையில் ஆள் உயரம் வளர்ந்த கோரையை ஈரத்தில் நின்று அரிவாளால் அடியோடு அறுக்கிறார்கள். அறுத்ததை உதறிக் களையை நீக்கி, நீளவாரியாகப் பிரித்து, பச்சையாக இருக்கும்போதே கிழித்து, திறந்த வெளியில் பரப்பிக் காயவைக்கிறார்கள். அறுத்த தட்டை கூர்மையாக நிற்கும், காலில் குத்தும். சேற்றுப்புண் இருக்கும், முள் தைத்த வடு இருக்கும், கால் ஆணி இருக்கும், பித்தவெடிப்பு இருக்கும். இத்தனைக்கும் நடுவே ஒரு கரும்புள்ளி புதிதாக வந்தால் யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் ஆணி என்று பிளேடால் சீவுவார்கள், எருக்கம்பால் வைப்பார்கள், மெடிக்கல் ஷாப்பில் கார்ன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டுவார்கள். இது அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். நூறில் தொண்ணூற்றொன்பது முறை அது ஆணியாகத்தான் இருக்கும். அந்த ஒருமுறையைப் பிரித்துப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பார்ப்பது கடினமும் இல்லை. ஆணி தோல் நிறத்தில் இருக்கும், அழுத்தினால் வலிக்கும், சீவினால் குறையும். கவலைப்பட வேண்டிய புள்ளி கறுப்பும் பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாக இருக்கும், ஓரம் ஒழுங்கில்லாமல் ஓடும், மாதக்கணக்கில் அகலும், சில வேளை நிறமே இல்லாமல் சிவந்த சதையாகத் துருத்திக் கசியும். நகத்தில் மெல்லிய கருங்கோடு நம் நிறத்தவரிடம் சாதாரணம். பல நகங்களில் ஒரேபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகன்றுகொண்டே போய், கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத்துத் தோலிலும் படர்ந்தால் தாமதிக்கக் கூடாது. எந்தக் காரணத்தால் வந்த புண்ணாக இருந்தாலும் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்றால் களிம்பை மாற்றிப் பயனில்லை. மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு அரிதான நோய்க்கு இத்தனை பக்கம் எதற்கு, வாய்ப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் ஊரெங்கும் இருக்கும்போது இது தேவையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்து போடும் காவிரிக் கரையில் வாய்க்குத்தான் முதலிடம் தர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தோலைப் பார்ப்பதற்குக் கருவி வேண்டாம், ஊசி வேண்டாம், செலவு வேண்டாம். மெலனோமா ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆழம் போய், தொடை இடுக்கில் நெறிகட்டி, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய பிறகு பல லட்சம் ரூபாய் மருந்தும் சிலருக்கே பயன் தரும். உடலின் பெரும்பாலான புற்றுகள் இப்படிக் கண்ணுக்கு நேரே வளர்வதில்லை. அரிதாக இருப்பதே தாமதத்துக்குக் காரணம் என்பதால், அரிது என்ற வாதமே அதைப் பற்றிப் பேச வேண்டியதன் காரணமும் ஆகிவிடுகிறது.

அப்படியானால் வெயிலைப் பற்றிக் கவலை வேண்டாமா? வேண்டும். புற்றுக்கு முன்பே வெயில் நம்மிடம் வாங்கும் விலைகள் இருக்கின்றன, அவற்றை விலை என்றே நாம் கணக்கில் வைப்பதில்லை. முதலாவது கண். கருவிழியின் ஓரத்தில் முக்கோணமாகச் சதை வளர்வதும், கண்புரையின் ஒரு வகையும் புற ஊதாக் கதிரோடு நேரடித் தொடர்புடையவை. வெளியில் உழைப்பவர்களுக்கே அதிகம் வருபவை. தோலுக்கு மெலனின் தரும் காப்பு கண்ணின் வெண்படலத்துக்கும் வில்லைக்கும் இந்த அளவில் கிடையாது. கோடையில் தண்ணீர் வற்றிய காவிரியின் உலர்ந்த மணல், தன்மேல் விழும் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பதால், ஆற்றைக் கடந்து நடப்பவர் கண்ணுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் அடி. இரண்டாவது பார்த்தீனியம். 1955-ல் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட இந்தக் களை இன்று நம் வாய்க்கால் கரைகளையும் தரிசுகளையும் பிடித்திருக்கிறது. அதன் துகள் காற்றில் வந்து படிந்து, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்து அரித்துக் கறுக்கும். ஆண்டுகள் போகப் போகச் சிலருக்கு வெயிலே ஒவ்வாமையாகிவிடும். செடியைப் பிடுங்கி எறிந்த பிறகும் பகலில் வெளியே போக முடியாது. விவசாயியின் பிழைப்பே பகலில்தான் இருக்கிறது. தோல் மருத்துவர்களிடம் வரும் வெயில் நோய்களில் நம் நாட்டில் முக்கியமானது இது. ஆனால் நம் வெயில் காப்புப் பேச்சில் அதற்கு இடமே இல்லை. மூன்றாவது மங்கு. அது உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் அதைப் போக்கப் பெண்கள் தேடும் மருந்து ஆபத்தானது.

இதைச் சற்று விளக்க வேண்டும். கன்னத்தில் மங்கு படர்ந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன களிம்பு வீட்டுக்கு வரும். அதில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும், மனம் மகிழும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். 2023-ல் கேரளத்தின் கோட்டக்கல்லில், பாதரசம் கலந்த சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நம்மைக் காக்கும் மெலனினைக் காசு கொடுத்து அழிக்கும் இந்த வேலை, வெயில் பாதுகாப்பு என்ற பெயரிலேயே விற்கப்படுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

வெயில் புற்று உண்மையிலேயே துரத்தும் ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. பிறவியிலேயே மெலனின் இல்லாமல், வெள்ளை முடியும் வெளிறிய கண்ணுமாகப் பிறப்பவர்கள் அவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இவர்களில் பலர் இளமையிலேயே தோல் புற்றால் இறக்கிறார்கள். தான்சானியாவின் மோஷியில் மருத்துவமனையே இவர்களுக்காக சன்ஸ்கிரீன் தயாரித்துக் கொடுத்துவருகிறது. இங்கே அப்படியொரு குழந்தை பிறந்தால் பார்வைக் குறைவைப் பற்றிப் பேசுவார்கள், பள்ளியில் கேலியைப் பற்றிப் பேசுவார்கள், தோலைப் பற்றிப் பேசுவதில்லை. முழுக்கைச் சட்டை, விளிம்புள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் நான்கும் அந்தக் குழந்தைக்கு முதல் வயதிலிருந்தே வேண்டியவை. அரசு இலவசமாகத் தர வேண்டியவை. மைதானத்தில் நிற்கவைத்து நடத்தும் காலைக் கூட்டத்தில் நிழலில் நிற்க அதற்கு அனுமதி வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. அந்தத் திட்டு வெயிலில் கன்றிச் சிவக்கும் என்பதால் மூடிக்கொள்வது நல்லது. ஆனால் அதனால் புற்று கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பயம் அவர்களுக்கு வேண்டாம்.

மற்ற எல்லாரும் சன்ஸ்கிரீன் பூச வேண்டுமா என்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992-ல் தொடங்கி நாலரை ஆண்டுகள் 1,621 பேரைக் கொண்டு செய்த சோதனையில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பின்னால் 2011-ல் வந்த முடிவில் மெலனோமா பாதியாகக் குறைந்திருந்தது. அந்த மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஊரின் தோலும் அங்கே வரும் புற்றும் வேறு. செலவையும் பார்க்க வேண்டும். முகம், கழுத்து, இரு கைகள் என்று சரியான அளவில் பூச ஒரு தடவைக்கு மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லி தேவை. வியர்த்தால் இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச வேண்டும். நாளுக்கு இரண்டு தடவை என்றாலே 50 மில்லி டியூப் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் இதைச் சொல்வது அறிவுரையாக இருக்காது. மங்குக்கோ வெயில் ஒவ்வாமைக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்கள் பூசட்டும்.

துணியோ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. நம் பெண்கள் வயலுக்குப் போகும்போது சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். அறுப்புச் சுணை படாமல் இருக்கத் தாங்களாகவே கண்டுபிடித்த உடுப்பு அது. கதிரையும் தடுக்கிறது, பார்த்தீனியத் துகளையும் தடுக்கிறது. ஆண்கள்தான் பனியனோடோ வெற்றுடம்போடோ நிற்கிறார்கள். துணியிலும் வேறுபாடு உண்டு: நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நன்றாகக் காக்கும், வெளுத்து நைந்த மெல்லிய வெள்ளைத் துணி, அதிலும் வியர்வையில் நனைந்தது, பாதிக்குமேல் பயனிழந்துவிடும். தலைத்துண்டு உச்சியைக் காக்கும், காதையும் பிடரியையும் கண்ணையும் காக்காது. நாலு விரல் விளிம்புள்ள ஓலைத் தொப்பி மூன்றையும் காக்கும். கண்ணுக்கு வரும் கதிரில் ஏறத்தாழப் பாதியை அது தடுத்துவிடும். இதற்கு மறுப்பாக, முழுக்கை போட்டால் புழுங்குமே என்பார்கள். நேர்வெயிலில் வெற்றுத்தோல் வாங்கும் சூடு தளர்வான பருத்தித் துணிக்குள் இருப்பதைவிட அதிகம். பாலைவனத்தில் வாழ்பவர்கள் பலரும் உடம்பை மூடித்தான் திரிகிறார்கள்.

மூடிக்கொண்டே இருந்தால் வைட்டமின் டி எங்கிருந்து வரும் என்ற மறுப்பும் வருகிறது. மருத்துவர்களே அதை எழுப்புகிறார்கள். இந்தியரிடம் அந்தக் குறை பரவலாக இருப்பது உண்மை. திருப்பதி வட்டாரத்தில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு இதில் உதவுகிறது. வெளியில் உழைக்கும் கிராமத்தவரிடம் அந்தச் சத்து நகரத்தவரைவிட அதிகமாக இருந்தது. ஆனாலும் இரு தரப்பிலும் பலருக்குப் போதவில்லை, உணவில் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தது. ஆகவே வெயில் மட்டும் விடை இல்லை; பாலும் மோரும் கேழ்வரகும் தட்டில் வேண்டும். வயலில் நிற்பவர் போக வர முகத்திலும் கையிலும் வாங்கும் வெயிலே போதுமான அளவுக்குக் கிட்டே வந்துவிடும். வங்கியிலும் பள்ளியிலும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது போதாது. மூடிக்கொள்ளச் சொல்வது முன்னவருக்கு, வெளியே வரச் சொல்வது பின்னவருக்கு. இரண்டையும் ஒரே அறிவுரையாக்கினால் யாருக்கும் பயனில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு கூலியிலிருந்து வருகிறது. பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழலில் இரு என்றால் அன்றாடக் கூலி என்ன ஆகும்? வெயிலைத் தவிர்ப்பது தனிமனிதரின் ஒழுக்கம் என்று எழுதுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலை நேரத்தை முடிவுசெய்பவர் வெயிலில் நிற்பவர் இல்லை. கோரை அறுப்பும் வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் விடிகாலையில் தொடங்கிப் பத்தரைக்குள் முடிந்து, மீதி மாலையில் நடந்தால் வேலை குறையாது. நில உரிமையாளரும் வியாபாரியும் லாரி வரும் நேரத்தை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காயவைக்கும் களத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை இருந்தால், கோரையைப் புரட்டாத நேரத்தில் பெண்கள் அங்கே உட்காரலாம். ஊர் நூறு நாள் வேலை என்று சொல்லும் வேலைத்தளங்களில் நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்துக்காக மாற்றும் நேரம் கதிருக்கும் பயன்படும், ஆவணியையும் அந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொண்டால்.

புண்ணுக்கும் பாதத்துக்கும் வருவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பதற்கென்றே பாதம் பாதுகாப்போம் என்ற திட்டமும் இருக்கிறது. ஆக, திண்ணையில் உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. பார்க்கும் அந்தக் கண்ணுக்கு இன்னும் இரண்டு மூன்று படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும்: கரும்புள்ளி எப்படி இருந்தால் அனுப்புவது, நகக்கோடு எப்படி இருந்தால் அனுப்புவது, பழைய தீத்தழும்பு வெடித்தால் என்ன செய்வது. பெண்களிடம் இடுப்பில் நாடா பதியும் இடத்தைக் கேட்க வேண்டும், தாங்களாகச் சொல்லமாட்டார்கள். அங்கே தோல் தடித்துக் கறுத்திருந்தால் நாடாவை மாற்றி அகலப் பட்டியாகத் தைத்துக்கொள்ளவும், கட்டும் இடத்தை நாளுக்கு நாள் மேலும் கீழும் மாற்றவும் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சர்க்கரை இல்லாதவர்களின் பாதத்தையும் பார்க்க வேண்டும் என்பது கூடுதல் வேலைதான். ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும்.

அனுப்பினால் போவார்களா என்பது கடைசித் தடை. சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். அதைவிடப் பெரிய தடை, கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம். படித்தவர்களும் நம்புகிறார்கள். சிறு துண்டுச் சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்சியால் தோல் புற்று பரவுவதில்லை. பயாப்சிக்குப் பிறகு நோய் முற்றியதாகத் தெரிவது, முற்றிய பிறகே பயாப்சிக்குப் போவதால். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் கால் மணி நேர வேலை அது. அன்றே பேருந்தேறித் திரும்பிவிடலாம். முடிவு வரும்வரை அந்தப் புள்ளியைச் சீவாமல், சுடாமல், எருக்கம்பால் வைக்காமல் இருக்க வேண்டும். சீவிய இடத்தில் மிஞ்சியிருப்பதை வைத்துக் கட்டியின் ஆழத்தை யாராலும் அளக்க முடியாது. சிகிச்சை முழுவதும் அந்த ஆழத்தை நம்பியே முடிவாகிறது.